விவேக்குக்கும் கணேஷுக்கும் சண்டை வந்தால்?

கேள்வி: நாவல் பாத்திரங்கள் ஒருவரோடொருவர் மோதும் ஜப்பானிய வீடியோ கேம் பார்த்தேன். நம் பாக்கெட் நாவல் நாயகர்களை வைத்துச் செய்தால் எடுபடுமா?
- வாசகர், யானைக்கவுனி

பதில்: பேஷாக எடுபடும்! நீங்கள் பார்த்தது 2014-ல் சேகா வெளியிட்ட 'டெங்கெகி பன்கோ: ஃபைட்டிங் கிளைமாக்ஸ்' என்று நினைக்கிறேன். அதில் மிகோட்டோ மின்சாரத்தை வீசுவாள். பள்ளி மாணவி டைகாவோ வெறும் மரவாளோடு எதிரே நிற்பாள். அந்தத் துணிச்சல்தான் எனக்குப் பிடித்தது.

நம்மிடம் ஆளுக்கா பஞ்சம்? ராஜேஷ்குமாரின் விவேக், சுபாவின் நரேந்திரன்-வைஜயந்தி, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலா, சுஜாதாவின் கணேஷ்-வசந்த். எல்லோருமே மூளையால் அடிப்பவர்கள். கணேஷ் நாலு கேள்வி கேட்டால் எதிராளிக்குப் பாதி உயிர் போய்விடும். மீதியை வசந்த் ஜோக் சொல்லியே எடுத்துவிடுவான்! சண்டைக்களமும் உங்கள் பேட்டைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது: 1985-ல் தீயில் எரிந்துபோன மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகள். கேமிலாவது அது மறுபடி எழுந்து நிற்கட்டும்.

கேம் செய்யத் தெரிந்த தம்பி தங்கைகளே, எழுத்தாளர்களிடமும் அவர்கள் குடும்பத்தாரிடமும் முறையாக உரிமை வாங்கிக்கொண்டு ஆரம்பியுங்கள். முதல் பிரதிக்கு நான் இப்போதே பணம் கட்டத் தயார்.