நியோவுக்கு லீவு

மனித குலத்தைக் காப்பாற்ற வேண்டும். முதலில் என்ன செய்வீர்கள்? படை திரட்டுவீர்களா, ஆயுதம் தேடுவீர்களா? 2003-இல் வந்த 'என்டர் தி மேட்ரிக்ஸ்' வீடியோ கேமைக் கேட்டால், முதலில் போஸ்ட் ஆபீஸுக்குப் போகச் சொல்கிறது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இரண்டரை லட்சம் இயந்திரங்கள் பூமியைத் துளைத்துக்கொண்டு, மனிதர்களின் கடைசி நகரமான ஸயனை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கின்றன. 'ஒசைரிஸ்' என்ற கப்பலில் இருந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டார்கள். ஊருக்குத் தகவல் சொல்ல ஒரு பெண் உயிரைப் பணயம் வைத்து மேட்ரிக்ஸ் என்ற கணினி மாய உலகத்துக்குள் குதித்து, செய்தியை ஒரு தபால் பெட்டியில் போட்டுவிட்டுச் செத்துப்போகிறாள். கரண்டியை மனத்தால் வளைக்கிற உலகத்தில் இன்னமும் தபால்தான்!

அந்தப் பார்சலைப் போய் வாங்கி வருவதுதான் நமக்கு முதல் லெவல். கருப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, போஸ்ட் ஆபீஸ் காவலர்களைச் சுவரோடு சுவராகப் புரட்டி எடுத்துவிட்டு, ரசீதில் கையெழுத்துகூடப் போடாமல் எடுத்து வருகிறோம்.

சரி, அந்தப் பெண் தபால் போட்ட காட்சி கேமில் எங்கே இருக்கிறது? கேமில் இல்லை. படத்தில்? படத்திலும் இல்லை. 'தி அனிமேட்ரிக்ஸ்' தொகுப்பில் ஒரு அனிமேஷன் குறும்படமாக இருக்கிறது. அமெரிக்கத் தியேட்டர்களில் அதை 'ட்ரீம்கேட்சர்' என்ற, இதற்கு ஒட்டும் இல்லாத உறவும் இல்லாத ஒரு திகில் படத்துக்கு முன்னால் போட்டுக்காட்டினார்கள். ஆக, கார்ட்டூனில் தபால் போட்டு, கேமில் எடுத்து, 'தி மேட்ரிக்ஸ் ரீலோடட்' படத்தில் உட்கார்ந்து அதைப் பற்றி மீட்டிங் போடுகிறார்கள். வெறும் சினிமா டிக்கெட் மட்டும் வாங்கியவர், அந்த மீட்டிங்குக்கு லேட்டாக வந்தவர் மாதிரி விழிக்க வேண்டியதுதான்.

'விக்ரம்' ரிலீஸுக்கு முந்தின நாள், 'கைதியை இன்னொரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள்' என்று லோகேஷ் கனகராஜ் ஹோம்வொர்க் கொடுத்தார், ஞாபகமிருக்கிறதா? அதையே 19 வருஷம் முன்னால் செய்தவர்கள், மேட்ரிக்ஸ் படங்களை இயக்கிய வச்சோவ்ஸ்கிகள். என்ன, லோகேஷ் இன்னொரு படத்தைத்தான் பார்க்கச் சொன்னார். இவர்கள் ஒரு பிளேஸ்டேஷன் வாங்கச் சொன்னார்கள்.

அன்றைக்கு உலகம் சகோதரர்கள் என்று அறிந்திருந்த, இன்றைக்குச் சகோதரிகளான லானா, லில்லி வச்சோவ்ஸ்கிக்கு ஓர் ஆசை இருந்தது. நல்ல ஆசை, அதைக் கேலி செய்ய மனசு வரவில்லை. படத்தை ஒட்டி வருகிற கேம் என்றால் போஸ்டரை அட்டையில் ஒட்டி, உள்ளே எதையோ அடைத்து விற்பதுதான் அந்தக் காலத்து வழக்கம். 'நாங்கள் அப்படிச் செய்ய மாட்டோம், எங்கள் கேம் படத்தின் இன்னொரு பாதி' என்றார்கள். கேமுக்காக 244 பக்கத்துக்கு ஸ்கிரிப்ட் எழுதினார்கள். இரண்டாம், மூன்றாம் படங்களின் ஷூட்டிங்கோடு ஷூட்டிங்காக, கேமுக்கென்றே ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு நிஜ நடிகர்களை வைத்துக் காட்சிகள் எடுத்தார்கள். எல்லாவற்றையும் யோசித்தவர்கள், ஒரு சின்ன விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் காட்டினார்கள். படங்களின் கதாநாயகன் நியோவை நமக்குத் தரவில்லை.

ஆமாம், மேட்ரிக்ஸ் கேமில் நியோவாக விளையாட முடியாது. கியானு ரீவ்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போவதோடு சரி. நியோவின் காதலி டிரினிட்டியும் இல்லை, குரு மார்ஃபியஸும் இல்லை. நமக்கு ஒதுக்கப்பட்டவர்கள் நயோபியும் கோஸ்ட்டும். நயோபி, ஜாடா பிங்கெட் ஸ்மித் நடித்த கப்பல் கேப்டன். கோஸ்ட், தத்துவம் பேசிக்கொண்டே சுடுகிறவர். ரீலோடடில் அவர் வந்துபோன இடங்களை இப்போது கேட்டால் பலருக்கும் யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும். 50 டாலர் கொடுத்து கேம் வாங்கி, வீட்டுக்கு வந்து பிரித்து, கதாநாயகன் லீவு என்று தெரிந்துகொண்ட அமெரிக்கப் பையன்களின் முகத்தைக் கற்பனை செய்து பாருங்கள்.

இதைச் செய்து கொடுத்தவர்கள் கலிஃபோர்னியாவின் ஷைனி என்டர்டெயின்மென்ட். அதன் தலைவர் டேவிட் பெர்ரி. இவருக்குப் புகழ் வாங்கிக் கொடுத்தது 'எர்த்வார்ம் ஜிம்'. விண்வெளி உடை மாட்டிக்கொண்ட ஒரு மண்புழுதான் அதன் ஹீரோ. மண்புழுவை ஸ்டாராக்கியவருக்குக் கோஸ்ட்டை ஸ்டாராக்க முடியாதா என்று நினைத்திருப்பார்கள். மண்புழுவிடம் இருந்த கவர்ச்சி பாவம் கோஸ்ட்டிடம் இல்லை.

வெளியிட்டவர்கள் கதை இன்னும் தமாஷ். இன்ஃபோகிராம்ஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனி ஷைனியை 4.7 கோடி டாலருக்கு வாங்கியிருந்தது. கேம் வெளியான அதே 2003 மே மாதத்தில், அதன் அமெரிக்கக் கிளை தன் பெயரை 'அடாரி' என்று மாற்றிக்கொண்டது. யார் இந்த அடாரி? 1982-இல் 'ஈ.டி.' படத்தை ஐந்தே வாரத்தில் கேமாக்கி, விற்காத சரக்கை நியூ மெக்ஸிகோ மாநிலத்துக் குப்பைக்கிடங்கில் புதைத்த அதே புண்ணியவான்களின் பெயர். அன்றைக்கு அடாரியின் முதலாளி வார்னர். மேட்ரிக்ஸ் படங்களின் முதலாளியும் வார்னர். படத்தை ஒட்டிய கேம் என்றாலே ஊர் சிரிக்கக் காரணமாயிருந்த பெயரைத் தேடிப்பிடித்து, படத்தை ஒட்டிய கேமின் அட்டையில் அச்சடித்தார்கள். ஜாதகப் பொருத்தம் பார்க்கிற வழக்கம் அங்கே இல்லை போலிருக்கிறது.

இவ்வளவு சொல்லிவிட்டு நல்லதைச் சொல்லாமல் போனால் பாவம் வந்து சேரும். கேமில் 'ஃபோகஸ்' என்று ஒரு பட்டன் உண்டு. அழுத்தினால் உலகம் ஸ்லோமோஷனில் நகர, நீங்கள் மட்டும் சுவரில் ஓடலாம், தோட்டாக்களுக்கு நடுவே வளைந்து நெளியலாம், எதிரியின் துப்பாக்கியைப் பிடுங்கி அவருக்கே பரிசளிக்கலாம். படங்களுக்குச் சண்டை அமைத்த ஹாங்காங் மாஸ்டர் யுவென் வோ-பிங்கின் கைவண்ணம் இதிலும் உண்டு. தூணுக்குத் தூண் தாவி நாலு பேரைச் சாய்க்கிற அந்த அரை நிமிடத்தில், நியோ இல்லாத துக்கமெல்லாம் மறந்துபோகும். சத்தியமாக நன்றாக இருக்கும். அடுத்த நிமிடமே எல்லாம் ஞாபகம் வந்துவிடும் என்பது வேறு விஷயம்.

இந்த ஸ்லோமோஷனிலும் ஒரு வில்லங்கம். ஃபின்லாந்துக்காரர்கள் 2001-லேயே 'மேக்ஸ் பெய்ன்' என்று ஒரு கேமை இதே ஸ்லோமோஷனோடு இறக்கி, 'புல்லட் டைம்' என்ற பெயரிலேயே அமர்க்களப்படுத்திவிட்டார்கள். அசல் மேட்ரிக்ஸ் கேம் இரண்டு வருஷம் கழித்து ஆடி அசைந்து வந்தபோது, 'என்ன சார், மேக்ஸ் பெய்ன் மாதிரி இருக்கே?' என்றார்கள் ஜனங்கள். ஸ்லோமோஷனால் பேர் வாங்கியவர்களின் கேமே ஸ்லோமோஷனில் வந்தால் என்ன செய்வது!

நிஜ நடிகர்களின் காட்சிகளுக்கு வருவோம். ரீலோடடில் மோனிகா பெலூச்சி நியோவிடம் ஒரு முத்தம் கேட்பார். அப்போதுதான் உதவி கிடைக்கும். கேமிலும் அதே அம்மையார், அதே கட்டணம். நயோபியாக விளையாடினால் நயோபி கட்ட வேண்டும், கோஸ்ட்டாக விளையாடினால் கோஸ்ட். இரண்டு பக்கத்துக் கதையையும் முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற தூய கலை ஆர்வத்தில், கேமை இரண்டாம் தடவையும் ஆடியவர்கள் அநேகம் பேர் இருப்பார்கள்.

அதைவிட முக்கியமான ஒன்று, படங்களில் குறி சொல்கிற ஆரக்கிள் பாட்டி. அந்தப் பாத்திரத்தில் நடித்த குளோரியா ஃபாஸ்டர் 2001-இல் காலமாகிவிட்டார். மூன்றாம் பாகத்துக்கு மேரி ஆலிஸ் வந்தார். நம் சீரியல்களில் 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று கீழே ஒரு வரி ஓடவிட்டு மேட்டரை முடித்துவிடுவார்கள். வச்சோவ்ஸ்கிகளோ முகம் மாறிய காரணத்துக்கு ஒரு கதையே கட்டினார்கள். நன்றாகத்தான் கட்டினார்கள். புது முகத்தோடு பாட்டி முதலில் வந்து நின்றது மட்டும் கேமில். மூன்றாம் படத்துக்கு நேராகப் போய் உட்கார்ந்த பெரியவர்களுக்கு அது யாரோ புதுப் பாட்டி.

இன்னொரு அழகான கிறுக்குத்தனம், ஹேக்கிங். மெயின் மெனுவிலிருந்து கருப்புத் திரைக்குள் போகலாம். பழைய டாஸ் காலத்து மாதிரி கட்டளைகளை டைப் அடித்து, கேமையே நோண்டி, ஒளித்து வைத்த ரகசியங்களையும் ஏமாற்று வழிகளையும் திறக்கலாம். மேட்ரிக்ஸ் என்றால் என்ன என்று சண்டையில்லாமல் புரியவைத்த இடம் இது ஒன்றுதான். அதனாலோ என்னவோ, பலர் அந்தப் பக்கமே போகவில்லை.

இப்போது குறைகளுக்கு வருவோம். நயோபியைப் போல் ஓட்ட ஆளில்லை என்று படங்கள் அடித்துச் சொல்கின்றன. நம் கைக்கு வந்ததும் அந்தக் காருக்கு என்ன ஆகிறதோ! ஆர்.டி.ஓ. ஆபீஸில் எட்டு போடச் சொன்னால் நிச்சயம் ஃபெயில். கோஸ்ட்டாக ஆடினால் காரை கம்ப்யூட்டர் ஓட்டும், நாம் ஜன்னலில் தொங்கிக்கொண்டு சுட வேண்டும். தெரு விளக்குக் கம்பத்தில் மோதினால் திட்டுவதற்காவது ஓர் ஆள் கிடைத்த ஆறுதல் அதில் உண்டு.

ஒரே மாதிரிச் சுவர், ஒரே மாதிரி வராந்தா, ஒரே மாதிரிச் சாக்கடைச் சுரங்கம். நடக்கிறபோது கை கால்கள் சுவருக்குள் நுழைந்து வெளியே வரும். இது கிராஃபிக்ஸ் கோளாறா, மேட்ரிக்ஸ் தத்துவமா என்று ரசிகர்கள் குழம்பினார்கள். நடுவில் ஒரு மாளிகையில் ரத்தக்காட்டேரிகள் வேறு. துப்பாக்கிக்குச் சாகாது, மரக்குச்சியால் நெஞ்சில் குத்த வேண்டும். எதிர்காலத்து மெஷின்களோடு போர் என்று டிக்கெட் வாங்கிவிட்டு, மர ஆப்பைத் தேடி அலைந்தோம்.

காரணம் எளிது. படத்தின் ரிலீஸ் தேதி நகராது. கேமும் அதே வாரம் கடைக்கு வந்தாக வேண்டும். இன்னும் சில மாதம் அடுப்பில் இருந்திருக்க வேண்டியதை, விருந்தாளி வந்துவிட்டார் என்று இறக்கி வைத்தார்கள். விமர்சகர்கள் அரைவேக்காடு என்று எழுதினார்கள். ஜனங்கள் ஒரே வருஷத்தில் ஏறக்குறைய 50 லட்சம் பிரதி வாங்கித் தீர்த்தார்கள். விமர்சனத்தைப் படிக்கிற பழக்கம் எந்த ஊரிலும் ஒரே அளவுதான்.

காசு வந்தபிறகு மனம் இளகியது. 2005-இல் அதே ஷைனி 'பாத் ஆஃப் நியோ' கொண்டுவந்தது. கடைசியாக நியோவே கிடைத்துவிட்டார்! ஆனால் மூன்றாம் படத்தின் முடிவில் நியோ உயிர்த்தியாகம் செய்கிறாரே, அதைப் பட்டனை அழுத்தி எப்படி ஆடுவது? இங்கேதான் வச்சோவ்ஸ்கிகளின் பெருந்தன்மை. கட்டக்கடைசிச் சண்டைக்கு முன், அவர்களே குட்டிக் குட்டிச் சதுரப் பொம்மைகளாகத் திரையில் தோன்றினார்கள். தியாக முடிவெல்லாம் சினிமாவுக்குச் சரி, வீடியோ கேமுக்குச் சப்பென்று இருக்கும் என்று விளக்கம் வேறு கொடுத்தார்கள். பிறகு, தன்னையே நகலெடுத்துப் பெருகிய வில்லன் ஏஜென்ட் ஸ்மித்கள் எல்லோரும் ஒன்றாகத் திரண்டு, இடிபாடுகளைக் கூலிங் கிளாஸாக மாட்டிக்கொண்ட ராட்சத ஸ்மித்தாக எழுந்து நின்றார்கள். அவரை அடித்து வீழ்த்தினால் குவீன் குழுவின் 'வீ ஆர் த சாம்பியன்ஸ்' பாட்டு. ஆறு வருஷத் தத்துவம், கிரிக்கெட் ஃபைனல் முடிந்த மாதிரி முடிந்தது.

அதே 2005-இல் 'தி மேட்ரிக்ஸ் ஆன்லைன்' என்று இன்னொன்றும் வந்தது. ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து ஆடிய கேம். கதையின் அடுத்த கட்டம் இதில்தான் என்றார்கள். மார்ஃபியஸை அதற்குள்ளேயே கொன்றும் போட்டார்கள். படம் மட்டும் பார்த்த கோடிக்கணக்கான ரசிகர்களுக்கு, அவர் செத்த செய்தி போய்ச் சேரவே இல்லை. தபாலில் போட்டிருக்கலாம்.

2021-இல் லானா வச்சோவ்ஸ்கி தனியாக 'தி மேட்ரிக்ஸ் ரிஸரக்ஷன்ஸ்' எடுத்தார். அதில் நியோ யார் தெரியுமா? வீடியோ கேம் டிசைனர். மேட்ரிக்ஸ் என்ற பெயரில் மூன்று கேம் செய்து பரிசெல்லாம் வாங்கியவர். நாலாவதை வார்னர் கம்பெனி கேட்கிறது, நீங்கள் செய்யாவிட்டாலும் அவர்கள் செய்வார்கள் என்று படத்திலேயே அவருக்குச் சொல்கிறார்கள். படத்தைத் தயாரித்ததும் அதே வார்னர்தான். புதுக் கேமில் என்ன இருக்க வேண்டும் என்று ஆபீஸில் பெரிய மீட்டிங் நடக்கிறது. ஆளாளுக்குத் தத்துவம், அரசியல் என்று அளக்கிறார்கள். ஒருவர் மட்டும் தெளிவாக இருக்கிறார். புல்லட் டைம் வேண்டுமாம்.