ரியால் பட்டறை

காலை ஏழு மணிக்குப் பெரம்பலூர் பாலக்கரைப் பக்கத்தில் ஒரு தேநீர்க் கடை வாசலில், ஒரு கையில் கண்ணாடித் தம்ளரும் மறு கையில் கைபேசியுமாக நின்று, உலகத்தின் துக்கமெல்லாம் தம் ஒருவர் சிரசில் இறங்கிவிட்ட பாவனையில், "ஆறு காசு இறக்கிட்டான் சார்" என்று ஒருவர் பெருமூச்சு விடுவாரேயானால், இறக்கியவன் எவன், இறங்கியது எது என்று நீங்கள் விசாரிக்க மாட்டீர்கள்; ஏனெனில் உங்கள் தெருவிலும் ஒரு ரேட்டுக்காரர் இருக்கிறார். லப்பைக்குடிக்காட்டிலும் வி.களத்தூரிலும் இருக்கிறார், அரியலூர் ரயில் நிலையத்துப் பலகையில் அமர்ந்து, வருகிற ரயிலைப் பாராமல் போகிற ரியாலைப் பார்த்துக்கொண்டிருப்பவரும் அவரே. எங்கள் தெருக்காரரைப் பற்றி மட்டும் நான் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. அதைப் பின்னால் சொல்லுகிறேன்.

ஜுபைலில் பதினேழு வருஷம் வெல்டராக இருந்துவிட்டு, மகனை அதே ஊருக்கு அனுப்பித் தாம் திரும்பியவர் அவர். அவருடைய கைக்கடிகாரம் இன்றும் சவூதி நேரத்தையே, அதாவது நமக்கு இரண்டரை மணி பின்தங்கிய நேரத்தையே, காட்டிக்கொண்டிருக்கிறது. யாருக்குத் தலைவலி என்றாலும் கோடாலித் தைலத்தை எடுத்து நீட்டுவார். இவை மன்னிக்கத்தக்க குணங்கள். தைலத்தால் நானே பிரயோஜனம் அடைந்திருக்கிறேன். மன்னிக்க இயலாதது அவருடைய பொறுமை.

மகனுக்குச் சம்பளம் கைக்கு வந்தவுடன், சரியாகச் சொன்னால் வருவதற்கு முன்னாலேயே, இங்கிருந்து உத்தரவு பறந்துவிடும்: "தம்பி, இப்ப அனுப்பாத. ரேட்டு ஏறட்டும்." பையன் மாதத்துக்கு அனுப்பக்கூடியது இரண்டாயிரம் ரியால். ரியாலுக்குப் பத்துக் காசு ஏறினால் கிடைக்கும் லாபம் இருநூறு ரூபாய். அந்தப் பத்துக் காசை எதிர்பார்த்து மூன்று வாரம் தவம் கிடக்கும் காலத்தில், கடைவீதி அடகுக் கடையில் ஒரு லட்ச ரூபாய்க்கு இரண்டு வட்டியில் உறங்குகிற மருமகளின் ஆரம், ஏறக்குறைய ஆயிரத்து நானூறு ரூபாயை விழுங்கிவிட்டுப் புரண்டு படுக்கிறது. இதை நான் ஒருநாள் காகிதத்தில் எழுதி, கூட்டிக் கழித்து, அடியில் கோடும் போட்டுக் காட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, என் மீது உண்மையான அனுதாபத்துடன் பார்த்து, "வட்டி வேற கணக்கு சார், ரேட்டு வேற கணக்கு" என்றார். முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் போதித்த எனக்கு, இத்தனை சுருக்கமாக ஒரு சித்தாந்தத்தை ஸ்தாபித்த மாணாக்கன் ஒருவனும் வாய்த்ததில்லை.

இந்தச் சுபாவம் அவருக்கு அரபு தேசத்தில் ஒட்டிக்கொண்டது என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். அது பிசகு. செட்டிகுளம் பக்கத்தில் வெங்காயம் போட்ட குடும்பம் அவருடையது. அறுத்த சின்ன வெங்காயத்தை நன்றாக உலர்த்தி, காற்றோட்டமாகப் பட்டறை போட்டு, விலை ஏறும் வரையில் மாதக்கணக்கில் காத்திருப்பது அந்தச் சீமையின் பரம்பரை வித்தை. காத்திருக்கையில் பட்டறை எடை இழக்கும், அடியில் அழுகும், மேலே முளைவிடும் என்பதும் பரம்பரையாகத் தெரிந்த சங்கதிதான். அவர் தகப்பனார் ஒரு வருஷம் இன்னும் ஏறும், இன்னும் ஏறும் என்று பட்டறையைப் பிரிக்காமல் இருந்து, பிரித்த அன்று பாதியைக் குப்பைமேட்டில் கொட்டினார் என்பதை, முன்னோர் பெருமையைச் சொல்லுகிறவரைப் போலவே அவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். "ரியால்ல அந்தப் பயம் இல்ல சார். அழுகாது."

அழுகாதுதான், ஆனால் இளைக்கும். 2013 ஆகஸ்டு கடைசியில் டாலர் 68 ரூபாயைக் கடந்தபோது, ரியாலும் பதினெட்டு ரூபாய்க்கு மேலே போய் நின்றது. மூன்று மாதச் சம்பளம், ஆறாயிரம் ரியால், அப்போது ஜுபைலில் பட்டறையில் கிடந்தது. "அனுப்பிடட்டுமாப்பா?" என்று பையன் கெஞ்சினான். "இருபது வரட்டும்டா" என்றார் இவர். செப்டம்பர் 4-ஆம் தேதி ரகுராம் ராஜன் ரிசர்வ் வங்கியின் ஆளுநராக வந்து அமர்ந்தார். ரூபாய் மெள்ள எழுந்து நடமாடத் தொடங்கிற்று. அக்டோபரில் ரியால் பதினாறரைக்கு வந்துவிட்டது. பத்தாயிரம் ரூபாய்க்குக் குறையாத நஷ்டம். அந்த மாதம் முழுவதும், யாதொரு பாவமும் அறியாத அந்தப் பொருளாதார நிபுணர்மீது எங்கள் தெருவில் ஒரு தனிப்பட்ட விரோதம் நிலவியது. "நல்லாப் படிச்ச மனுஷன். ஒரு மாசம் கழிச்சு வந்திருக்கக் கூடாதா சார்?"

இறங்கினது ஏறாமலே போய்விட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு அவர் காட்டிய திருஷ்டாந்தம் எனக்கே தோன்றாதது. "அரியலூரைப் பாருங்க சார். 2001-ல மாவட்டம் ஆனாங்க. அடுத்த வருஷமே எங்களோட சேத்துட்டாங்க. 2007-ல திரும்ப மாவட்டம் ஆயிட்டாங்க. அப்படியே கெடந்துட்டாங்களா?"

உண்மையில் ரியால் என்பது ஏறுகிற வஸ்துவும் அன்று, இறங்குகிற வஸ்துவும் அன்று. டாலர் ஒன்றுக்கு 3.75 ரியால் என்று 1986 முதல் அதைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள். கட்டப்பட்ட மாடு நின்ற இடத்திலேயே அசைபோட்டுக்கொண்டிருக்க, சறுக்குவதும் எழுவதும் நம்முடைய ரூபாய்தான். ஆகவே "ரேட்டு ஏறட்டும்" என்னும் பிரார்த்தனைக்கு, நம் தேசத்து நாணயம் விழட்டும் என்பதே பதவுரை. இதை அவருக்கு விளக்கப் புகுந்து, ஒரு காலத்தில் குவைத், பஹ்ரைன், கத்தார் முதலிய தேசங்களில் நம் ரூபாயே செலாவணியாக இருந்ததையும், 1959-இல் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே தனி நோட்டு அச்சிட்டதையும், 1961-இல் குவைத் தனக்கென்று தினாரை உண்டாக்கிக்கொண்டதையும், 1966 ஜூனில் டாலர் 4.76 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 7.50 ரூபாய் ஆனதையும், வகுப்பில் சொல்லுவது போலச் சொன்னேன். எல்லாவற்றையும் ஆழ்ந்த கவனத்தோடு கேட்டுவிட்டு, "அங்கயும் ரூபா, இங்கயும் ரூபான்னா, அப்ப எப்படி சார் லாபம் பாத்தாங்க?" என்றார்.

லாபத்தை அவர் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. ரேட் ஏறுகிறபோது அனுப்பி நகை வாங்குவதே அவர் திட்டம். நாம் வாங்கும் தங்கத்தில் பெரும்பகுதி டாலர் கொடுத்து வெளிநாட்டிலிருந்து தருவிக்கப்படுவது, ஆதலால் டாலர் ஏறினால் சவரனும் ஏறும் என்பதை நகைக்கடைப் பையன் அவரிடம் ஒவ்வொரு தடவையும் சொல்லுகிறான். ஒவ்வொரு தடவையும் அது அவருக்குப் புதுச் செய்தியாக இருக்கிறது.

கைபேசியில் ஒரு ரேட்டும் கவுண்டரில் வேறொரு ரேட்டுமாக இருப்பது அவர் வீட்டு நிம்மதியைக் கெடுத்த மற்றொரு விஷயம். கைபேசி காட்டுவது பெரிய வங்கிகள் தமக்குள் மொத்தமாக மாற்றிக்கொள்ளும் விலை. பணம் அனுப்பும் கடைக்காரன் அதில் சில காசுகளைத் தனக்கென்று ஒதுக்கிக்கொண்டுதான், "கமிஷன் இல்லை" என்று பலகை எழுதி மாட்டுகிறான். இவருக்கோ அந்தக் காசுகளைப் பற்றி வேறு சந்தேகம். "கூகுள்ல பாத்தேனேடா, பதினஞ்சு காசு எங்க போச்சு?" "அது நமக்குக் கிடைக்காதுப்பா." "அப்ப யாருக்குக் கிடைக்குது?" நாற்பது வயதை நெருங்கும் மகன் ஒருவன், பாலைவனத்தில் நாள் முழுதும் நெருப்போடு போராடிவிட்டு வந்து, இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் வழக்கமாகத் திங்கட்கிழமையிலும் வெள்ளிக்கிழமையிலுந்தான் திறக்கும் என்பது நம் பக்கத்தார் எல்லாருக்கும் தெரியும். செலாவணிச் சந்தை திங்கட்கிழமை திறந்து வெள்ளிக்கிழமை மூடுகிறது. இது தற்செயல் என்று அவரை நம்பவைக்க யாராலும் முடியாது. திங்களன்று வேண்டிக்கொண்டு, வெள்ளியன்று விசாரித்துவிட்டு வருகிறார். சிங்கப்பூரிலிருக்கும் என் மருமகப்பெண், 2023 பிப்ரவரியில் இரு நாட்டுப் பிரதமர்களின் முன்னிலையில் தொடங்கிய ஏற்பாட்டின் வழியே கைபேசியிலிருந்து நொடியில் பணம் அனுப்புகிறாள் என்று சொன்னேன். முகம் சுளித்தார். "உடனே போயிடுச்சுன்னா யோசிக்க நேரம் ஏது?"

அவர் கேட்ட இருபது ஒருநாள் வந்தேவிட்டது. 2020 மார்ச் 19-ஆம் தேதி டாலர் 75 ரூபாயைத் தாண்டிற்று. எழுபத்தைந்தை மூன்றே முக்காலால் வகுத்தால் இருபது, துல்லியமாக இருபது. ஏழு வருஷத் தவத்துக்கு வரம் கிடைத்துவிட்டதே, அனுப்பச் சொல்லுங்கள் என்றேன். "இருபது வந்தது, இருபத்தொண்ணு வராதா சார்?" ஞாயிறன்று மக்கள் ஊரடங்கு, செவ்வாய் இரவு தேசத்தையே பூட்டிவிட்டார்கள், அங்கே சவூதியிலும் ஊரடங்கு, பையன் முகாமைவிட்டு வெளியே வர முடியவில்லை. அந்த நாட்களில் ஒருநாள் காலை, மொட்டைமாடியிலிருந்து, "சார்! இருபதைத் தாண்டிப் போயிட்டிருக்கு சார்!" என்று ஒரு கூச்சல் கேட்டு நான் நடுநடுங்கி, முகத்துணியை இறுக்கிக்கொண்டு, "எந்தத் தெருவில்?" என்று கத்தினேன். "ரியால் சார்!" என்றார்.

ஒரு சமயம் அவர் தம் ஜுபைல் நாட்களைப் பற்றிச் சொன்னது உண்டு. சம்பளம் பம்பாய் ஏஜெண்ட் பேசி முடித்தது. பாஸ்போர்ட் கம்பெனியின் பெட்டியில். ஊருக்குப் போகும் நாள் அவர்கள் சொல்லும் நாள். என்ன வேலை, எந்த வெயில் என்பதும் அவர்கள் இஷ்டம். வியாழக்கிழமை மாலைகளில், அங்கே அப்போது வாரவிடுமுறை வியாழனும் வெள்ளியும், பணம் அனுப்பும் கடையில் ஒரு மணி நேரம் வரிசையில் நின்று, ஜன்னலுக்கு முன்னால் வந்ததும் பலகையை நிமிர்ந்து பார்த்து, இரண்டு காசு குறைவாக இருந்தால், "இன்னிக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடப்பாராம். "ராஜா மாதிரி நடந்து வருவேன் சார்." அன்று அவரிடம் எனக்குக் கோபம் வரவில்லை.

இனி என் காரணம். இரண்டு வருஷத்துக்கு முன், பேத்தியின் காதுகுத்துக்கு என்று என்னிடம் முப்பதாயிரம் ரூபாய் கைமாற்று வாங்கினார். என் வலக்கண்ணில் புரை முற்றியிருக்கிறது. திருச்சி டாக்டர் இனித் தள்ளிப்போடாதீர்கள் என்கிறார். அந்தப் பணம் அதற்கென்று ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்தது. இதில் பரிகாசத்துக்கு ஒன்றுமில்லை. கேட்கவே கூசுகிறது, துணிந்து கேட்டால், "உங்க பணத்தைப் போயிக் கொறஞ்ச ரேட்டுலயா சார் தர்றது?" என்று எனக்காகப் பதறுகிறார். நான் கொடுத்தது ரூபாய், ஐயா! எந்த ரேட்டில் வந்தாலும் முப்பதாயிரம் முப்பதாயிரந்தான். ஒரு காசு கூடப்போவதில்லை.

கண் மங்கலாக இருப்பதால் இப்போது பத்திரிகையில் பொடி எழுத்து எனக்குத் தெரிவதில்லை. அவர்தான் தினமும் காலையில் வந்து திண்ணையில் அமர்ந்து, மிக்க வாத்ஸல்யத்துடன் ரேட்டை எனக்கு வாசித்துக் காட்டுகிறார். ஏறியது என்றால் என் நெஞ்சும் துள்ளுகிறது. சுதந்திர தினந்தோறும் பிள்ளைகளை நிற்கவைத்துக் கொடி வணக்கம் சொல்லிக்கொடுத்தவன் நான்; நேற்று அவர், "ரூபாய் வரலாறு காணாத வீழ்ச்சி" என்று தலைப்பை நிறுத்தி நிதானமாக வாசித்தபோது, "அம்மன் கண் திறந்துட்டா" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. "தம்பியை அனுப்பச் சொல்லிடலாமா?" என்று கேட்டேன்.

அவர் பத்திரிகையை நாலாக மடித்து என் பக்கத்தில் வைத்தார்.

"அவசரப்படாதீங்க சார். இன்னும் விழும்."