முதலில் ஒரு சக்கரம்

கேள்வி: பையில் அடங்கும் மிடி கீபோர்டில் இன்னும் என்ன வசதி வேண்டும்?

பதில்: நல்ல பிட்ச் பெண்ட் சக்கரம்! 25 கட்டை, எட்டு பேட், எட்டு திருகு என்று நெருக்கி அடுக்குகிறவர்கள், சுரத்தை வளைக்கும் வேலையை மட்டும் பல மாடல்களில் இரண்டு பட்டனிடமோ குட்டி ஜாய்ஸ்டிக்கிடமோ தள்ளிவிடுகிறார்கள். 1983-இல் வந்த மிடி முறை, கட்டையைத் தட்டும் வேகத்துக்கு 128 படிகள் தந்தது. சுர வளைவுக்கோ 16,384. சுரம் சற்றே வளைந்தாலும் கண்டுகொள்ளும் காதுக்குப் பட்டன் எப்படிப் பதில் சொல்லும்? தோடி ராகத்தின் காந்தாரம் அசைய வேண்டாமா? ஜாய்ஸ்டிக் போதுமே என்பார்கள். பக்கவாட்டில் தள்ளும் விரல் சற்றே மேலே நழுவினால், மாடுலேஷனும் சேர்ந்து கிளம்பி சுரம் நடுங்கிவிடும். இடமில்லை என்றால், இரண்டு திருகுகளை எடுத்துவிட்டுக் கட்டைகளுக்கு மேலே சக்கரத்தை வைக்கட்டும். திருகின் வேலையை மவுஸ் செய்துவிடும், கமகத்தைச் செய்யாது.