செவ்வாய்க்கிழமையை விழுங்கும் விமானம்

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திற்கும் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்திற்கும் இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 15,350 கிலோமீட்டர் என்று அட்டவணைகள் அனைத்தும் ஒரே குரலில் கூறுகின்றன. அந்தத் தூரத்தை அப்படியே பறந்து கடக்கும் விமானத்தைக் காண்பதுதான் அரிது. உருண்டை ஒன்றின் மீது இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய பாதையைப் பெருவட்டப் பாதை என்பர். இவ்விரு ஊர்களின் தீர்க்கரேகைகளுக்கு இடையே ஏறக்குறைய 178 பாகை வேறுபாடு இருப்பதால், அப்பாதை வட துருவத்தை ஒட்டியே செல்கிறது. ஆகவே கிழக்கே பறப்பதா, மேற்கே பறப்பதா என்ற கேள்விக்கு, பகையை விரும்பாத பஞ்சாயத்தார் தீர்ப்பைப் போல, இரு தரப்பும் சரி என்பதே விடையாகிறது.

உண்மையில் தீர்ப்புச் சொல்வது காற்று. சுமார் பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக விரையும் ஜெட் காற்றோட்டம் குளிர்காலத்தில் மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டக்கூடியது என்பதால், அதை முதுகில் வாங்கிக்கொண்டு பசிபிக் வழியாக 16,000 கிலோமீட்டருக்கு மேல் சுற்றிப் போகும் விமானம், குறுக்கு வழியில் போவதைவிட முன்னதாகவே சேர்ந்துவிடுவதுண்டு.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004இல் நியூயார்க்கை அடுத்துள்ள நியூவார்க்குக்கு நான்கு எஞ்சின் கொண்ட ஏர்பஸ் விமானத்தை இடைநில்லாமல் இயக்கி, அதன் எரிபொருள் பசிக்குத் தீனி போட முடியாமல் 2013இல் நிறுத்தி, 2018இல் இரண்டே எஞ்சின் கொண்ட ஏ350-900யுஎல்ஆர் விமானத்துடன் மீண்டும் தொடங்கியது. இவ்விமானம் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். இருக்கைகளோ 161 மட்டுமே. பயணிகளையும் அவர்களுடைய பெட்டிகளையும் ஊறுகாய்ப் பாட்டில்களையும் சேர்த்து நிறுத்தாலும் எரிபொருளின் எடை பல மடங்கு மிகுதி என்பதால், இதை மனிதர்களையும் ஏற்றிக்கொள்ள இசைந்த டேங்கர் என வகைப்படுத்துவதே முறை. சாதாரண எகானமி வகுப்பு இதில் கிடையாது. பதினெட்டு மணி நேரத்திற்கு மேல் முழங்காலை மடக்கி வைத்திருக்கும் உரிமை இதனால் ஏழைகளுக்கு மறுக்கப்பட்டிருக்கிறது.

முன் இருக்கையின் முதுகிலுள்ள திரையில், ஜப்பானைவிடப் பெரிதாக வரையப்பட்ட விமானம் ஒன்று அசையாமல் நிற்கும். இரண்டு திரைப்படங்களும் ஒரு தூக்கமும் முடிந்து பார்த்தாலும் ஜப்பான் இன்னும் அதன் இறக்கைக்கு அடியிலேயே இருப்பதாகப் பயணிக்குத் தோன்றும்.

கடிகாரத்தின் குறும்பு தனி. நியூயார்க் சிங்கப்பூருக்கு 12 அல்லது 13 மணி நேரம் பின்தங்கியது. எனவே போகும்போது ஆறேழு மணி நேரத்தில் முடிந்ததாகத் தோன்றும் பயணம், திரும்பும்போது ஒன்றேகால் நாளாக நீள்கிறது. திங்கள் இரவு பத்து மணிக்கு மேல் நியூயார்க்கில் கிளம்புபவர் புதன் விடியற்காலையில் சிங்கப்பூரில் இறங்குகிறார். செவ்வாய்தோறும் முருகனுக்கு விரதம் இருக்கும் சிங்கப்பூர்த் தமிழர் ஒருவருக்கு இது சாத்திரச் சிக்கல். ஏறிய ஊரில் விரதம் தொடங்க ஒரு மணி நேரத்திற்கு மேல் இருக்கிறது. இறங்கும் ஊரில் அது தொடங்கிப் பாதிக் காலையே கழிந்துவிட்டது. சரியாக அந்த இடைவெளியில்தான் உணவு வண்டியுடன் வரும் பணிப்பெண், கோழியா மீனா என்று புன்னகையோடு கேட்கிறார்.