எங்கன வச்சடே, மருமவனே?

வா மருமவனே. கெணத்துல கயித்தோட வாளிய விட்டவன் மாதிரில்லா மூஞ்சிய வச்சிருக்க. திண்ணையில உக்காரு. லேப்டாப்புல தொறந்து கெடக்க எதையும் மூடிராத. அவுட்லுக்கை மூடவே மூடாத. என்ன நடந்துச்சுன்னு பொறவு சொல்லலாம்.

மெயில்ல வந்த கொட்டேஷனை, மெயிலுக்குள்ள இருந்தே ரெண்டு தட்டு தட்டித் தொறந்து, ராத்திரி மூணு மணி நேரம் வெலையெல்லாம் திருத்துன. காலையில அதே மெயிலைத் தொறந்தா பழைய வெல அப்படியே உக்காந்திருக்கு. அம்புட்டுத்தான? “கன்ட்ரோல் எஸ் நாப்பது தடவ அமுக்குனேன் மாமா”ங்க. நாப்பது தடவ அமுக்குன ராசா, ஒரு தடவையாவது எங்கன போயி விழுதுன்னு எட்டிப் பாத்தியா?

மொத தடவ அமுக்கயில “சேவ் ஆஸ்”னு ஒரு பெட்டி வந்துச்சா? வந்துச்சு. நீ என்ன செஞ்ச? என்டரைத் தட்டுன. அதான பாத்தேன். கல்யாண வீட்டுல முன்ன பின்ன தெரியாத ஒருத்தன் “பையக் குடுங்கண்ணே, உள்ள வைக்கேன்”னதும் குடுத்துட்டுப் பந்திக்கு ஓடுன ஆளுடே நீ. சாப்புட்டுக் கை கழுவிட்டு வந்து, “எம் பை எங்க, எம் பை எங்க”ன்னா, தாலி கட்டுனவனா எடுத்துக் குடுப்பான்?

சரி, வயித்தக் கலக்காத. முக்குக் கடைக்குப் போயி ரெண்டு டீயும் நாலு உளுந்த வடையும் வாங்கிட்டு வா. லேப்டாப்பு இங்கனயே இருக்கட்டும். மாமன் என்ன, தூக்கிட்டா ஓடிருவேன்?

வந்துட்டியா? வை, இப்படி வை. இப்பக் கேளு.

நாப்பது வருசம் பத்திரம் எழுதுனவன் நான். ரிஜிஸ்தர் ஆபீசுல நகல் போட்டு ஒருத்தன் வாங்குதான். வீட்டுக்குக் கொண்டு போயி, நகல்ல அடிச்சுத் திருத்தி, “தெக்கு எல்லைய நாலு அடி தள்ளிட்டேன்”னு சொன்னா, ஆபீசுல இருக்க பதிவு தள்ளுமா? நீ செஞ்சது அதுதான். மெயிலுக்குள்ள இருக்க ஃபைலை எக்செல்லு நேரடியாத் தொறக்க முடியாது. அதனால அவுட்லுக்கு ஒரு நகலை எடுத்து, தனக்குன்னு வச்சிருக்க ஒரு மூலையறையில போட்டுட்டு, அதை உனக்குக் காட்டுது. நீ திருத்துனதெல்லாம் அந்த நகல்ல. மெயில்ல இருக்கது கெடந்த மாதிரியே கெடக்கு.

அவுட்லுக்கு என்ன குத்தம் பண்ணுச்சு? 1992 மார்ச்சுல நத்தானியேல் போரன்ஸ்டீன்னு ஒரு அமெரிக்கரு, இப்ப நாம அனுப்புத முறையில மெயிலோட ஒரு இணைப்பைச் சேத்து அனுப்பினாரு. அவரும் கூட்டாளி மூணு பேரும் பாடுத படமும் பாட்டும் அதுல இருந்துச்சு. பாருங்க, கேளுங்கன்னு அனுப்பினாரு. பாட்டைத் திருத்தி அனுப்புங்கன்னா கேட்டாரு? இணைப்புங்கது அன்னையில இருந்தே பாக்கதுக்குத்தான்.

இப்ப மூலையறைக்கு வழி. உன் பேருல இருக்க ஃபோல்டருக்குள்ள ஆப்டேட்டா. அதுக்குள்ள லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஐநெட்கேஷ். அதுக்கும் உள்ள கன்டென்ட்.அவுட்லுக். அதுக்குள்ள எட்டு எழுத்துல ஒரு ஃபோல்டரு. பேரைப் பாத்தா நாக்கு சுளுக்கிக்கிடும், ஆளுக்கு ஒரு பேரு வேற. மவுசை வச்சுத் தேடிக்கிட்டே போனா கண்ணுலயே படாது, மறைச்சு வச்சிருக்கான். பாதைய முழுசா மேல அட்ரஸ் பட்டையில தட்டி என்டர் போட்டாத்தான் கதவு தொறக்கும். அந்த எட்டு எழுத்து தெரியலியா? ரெஜிஸ்ட்ரியில கரண்ட் யூசருக்குள்ள சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், ஆஃபீஸ், 16.0, அவுட்லுக், செக்யூரிட்டின்னு எறங்குனா, அவுட்லுக்செக்யூர்டெம்ப்ஃபோல்டர்னு ஒரு வரி இருக்கும். முழு விலாசமும் அதுல எழுதிக் கெடக்கும். வாசிச்சுட்டு வெளிய வா. அங்கன கைய வச்சு எதையும் மாத்திராத. 16.0ங்கது 2016ல இருந்து வந்ததுக்கு. 2013னா 15.0, 2010னா 14.0.

என்ன முழிக்க? தலை சுத்துதா?

இம்புட்டுத் தூரம் போகவே வேண்டாம்டே. எக்செல்லைத் தொற. ஃபைல், ஓப்பன், ரீசன்ட். நேத்துத் தொறந்தது வரிசையா நிக்கும். உன் கொட்டேஷன் மேல ரைட் கிளிக் பண்ணுனா பாதைய நகலெடுத்துக்கிடலாம். ஒரே நிமிசம். மொதல்லயே இதைச் சொல்லியிருந்தா டீ வாங்கப் போயிருப்பியா நீ?

முறைக்காத. 2009ல எனக்கும் இதே கூத்து நடந்திருக்கு. அண்ணன் தம்பி பாகப்பிரிவினை. வக்கீல் அனுப்பின நகலை மெயில்லயே தொறந்து, விடிய விடியத் திருத்துனேன். கெணத்துத் தண்ணி மூத்தவனுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்னு ஒரு வரி சேத்தேன். மறுநாள் மெயில்ல இருந்தே பிரின்ட் போட்டுட்டேன். கையெழுத்துப் போடப் போகும்போது மூத்தவன் பொண்டாட்டி ஒரு வரி விடாம வாசிச்சா. “எங்கண்ணே, தண்ணியக் காங்கல?”ன்னா. அவ்வளவுதான். அன்னிக்கு ஒரு நாளைக்குன்னு சேந்து வந்தவங்க, தனித்தனி பஸ்ஸுல திரும்புனாங்க. அன்னைக்குத் தேட ஆரம்பிச்சவன்தான் நான்.

இன்னொண்ணு. அந்த அறை தங்குத வீடு கெடையாது, சத்திரம். அவுட்லுக்கை ஒழுங்கா மூடும்போது, தான் எடுத்துப் போட்ட நகலையெல்லாம் அதுவே கூட்டித் தள்ளிரும். அதான் வந்ததும் வராததுமா மூடாதன்னு சொன்னேன். எக்செல்லு தொறந்திருக்கயிலயே மூடுனா, அந்த ஃபைலைத் தூக்க முடியாம விட்டுட்டுப் போயிரும். நாள்பட அப்படி விட்டுப்போனது குப்பையாச் சேரும். ஒரே பேருல ரெண்டாவது வந்தா (002), அடுத்தது (003). நூறைத் தொட்டுச்சுன்னா “ஃபைல் உண்டாக்க முடியாது”ன்னு அவுட்லுக்கே கையை விரிச்சிரும். டிஸ்க் கிளீனப்புனு கெளம்புத மகராசன் எவனாவது உங்க ஆபீசுல இருந்தா, அவன்கிட்ட லேப்டாப்பைக் காட்டிராத.

பிரவுசர்ல மெயில் பாக்கவனுக்கு இந்தச் சங்கடம் கொறைவு. அவன் எறக்கினது டவுன்லோட்ஸ்ல கெடக்கும். ஆனா மெயில்ல இருக்கது அங்கயும் மாறாது, பாத்துக்க.

இந்தா, டெஸ்க்டாப்பைப் பாரு. உன் கொட்டேஷன். நீ கடைக்குப் போனதும் எடுத்து வச்சிட்டேன். ஏழு நகல் கெடந்துச்சு. எதுல புது வெலன்னு தெரியாம மாடிஃபைடு தேதிய வச்சு அடுக்கிப் பாத்தேன். ராத்திரி 11.47க்கு சேவ் ஆனதுதான் உன் புது வெல. தொறந்து சரிபாத்துக்க. அனுப்பும்போது இதை எடுத்துச் சேத்து அனுப்பு. பழைய மெயிலை ஃபார்வர்டு தட்டிராத.

ஆங், இன்னும் ஒண்ணு. தேடயில கண்ணுல பட்டுட்டு, நானா நோண்டலடே. அதே அறையில “பயோடேட்டா (002)”னு ஒண்ணு கெடக்கு. கல்யாணத் தரகரு சரிபாக்கச் சொல்லி அனுப்பினதுதான? சம்பளம் 45,000 இருந்த எடத்துல 75,000. ஒசரம் 5 அடி 6 அங்குலம், ரெண்டு அங்குலம் கூட வளந்திருக்க. இருபத்தொம்பது வயசுக்கு மேல நம்ம வம்சத்துல ஒருத்தனும் வளந்ததில்லையே!

பயந்து சாவாத, எங்க அக்காகிட்ட சொல்ல மாட்டேன். அதையும் நேத்து மாதிரியேதான திருத்துன? மெயிலுக்குள்ள தொறந்து, மாத்தி, என்டர் தட்டி, அப்படியே தரகருக்கு ஃபார்வர்டு?

போன வெள்ளிக்கெழம தரகரு இந்தத் திண்ணையிலதான் உக்காந்திருந்தாரு. பொண்ணு வீட்டுக்குக் குடுத்த தாளை எங்கிட்ட காட்டுனாரு. 45,000ன்னுதான் இருந்துச்சு, 5 அடி 6ன்னுதான் இருந்துச்சு. அதைப் பாத்துட்டுத்தான் அந்தப் புள்ள சரின்னிருக்கு.

என்னடே வாயப் பொளக்க? வடை ஆறுது, தின்னு.