கைபடாத உருளை

அமெரிக்காவில் 1909 முதல் 1958 வரை வெளிவந்த, பின்புறம் கோதுமைக்கதிர் பொறித்த சென்ட் நாணயங்கள் ஐம்பதைத் தாளில் சுருட்டி முனைகளை மடித்த கட்டே ‘ரோல்’ எனப்படுவது. இணைய ஏலங்களில் இது ‘பிரித்தே பார்க்காதது’ என்ற சத்தியத்தோடு வந்து சேர்கிறது. பிரித்தே பார்க்காத அக்கட்டின் முனையில், வடிவமைப்பாளர் விக்டர் டேவிட் பிரென்னரின் முதலெழுத்துகளான வி.டி.பி. தெரியும்படி ஒரு 1909 நாணயம் முதுகைக் காட்டி அமர்ந்திருப்பது தற்செயலே என்று நம்புவது சேகரிப்பாளரின் கடமை. சான் பிரான்சிஸ்கோவில் 4,84,000 மட்டுமே அச்சிடப்பட்ட அரிய வகையைக் காட்டும் ‘எஸ்’ என்னும் எழுத்து மறுபக்கத்தில் ஆண்டுக்குக் கீழே இருப்பதால், ஏலத்தொகை முழுவதும் கண்ணுக்குத் தெரியாத அப்பக்கத்தின் மீதே ஏறுகிறது; பிரித்தால் பெரும்பாலும் கிடைப்பதோ, இரண்டேமுக்கால் கோடிக்கு மேல் வெளிவந்த பிலடெல்பியா நாணயமும், அதன் பின்னே வரிசையாகத் தேய்ந்துபோன 1940களும்தான். தாளின் முனையை மடிக்கும் கருவியும் இணையத்திலேயே விற்கப்படுகிறது.