நில், நில், நில்

எங்கள் தெரு நடைபாதையில் மஞ்சள் ஓடு பதித்துவிட்டார்கள். பார்வையற்றவர்களுக்காகவாம். சென்னை முன்னேறுகிறது, கைதட்டுங்கள்.

அந்த ஓட்டுக்கு இரண்டே எழுத்துதான். நீளக் கோடு என்றால் நட. புள்ளி என்றால் நில், முன்னால் படியோ சாலையோ இருக்கிறது. ஜப்பானின் செய்ச்சி மியாகே 1965-ல் யோசித்தது. 1967-ல் ஒக்கயாமாவில் முதன்முதலாகப் பதித்தார்கள். இந்த இரண்டெழுத்து அரிச்சுவடி எங்கள் கான்ட்ராக்டர் வரைக்கும் இன்னும் வந்து சேரவில்லை. லாரியில் புள்ளி ஓடுதான் நிறைய வந்ததோ என்னவோ, தெரு நெடுகப் புள்ளி. வெள்ளைக் கோலோடு வருகிறவரிடம் அடிக்கு அடி சொல்கிறது: நில். நில். நில். இத்தனை வருஷம் மனசுக்குள் வைத்திருந்ததை ஊர் இப்போதுதான் எழுத்துமூலமாகக் கொடுத்திருக்கிறது. கடைசியில் நாலே நாலு கோடு ஓடு. நட என்கிறது. நடந்தால் டிரான்ஸ்ஃபார்மர்.

சாய்தளமும் உண்டு. ஓரடி ஏறப் பன்னிரண்டடி நீளம் வேண்டும் என்பது விதி. நான் போன ஓர் அலுவலகத்தில் இரண்டடி உயரத்துக்கு நாலடி கட்டியிருந்தார்கள். சக்கர நாற்காலி அதில் ஏறாது. போட்டோ ஏறும், ஃபைலுக்கு.

நடைபாதை முனையில் சரிவு வைத்தார்கள். பைக் ஏறியது. பைக்கைத் தடுக்க இரும்புக் கம்பம் நட்டார்கள். பைக் நெளிந்து புகுந்துவிடுகிறது. சக்கர நாற்காலி நெளியுமா? தப்பு செய்தவனுக்குச் சந்து, செய்யாதவருக்கு வேலி.

மெரினாவில் 2022 நவம்பரில் சக்கர நாற்காலி போகக் கடல்வரை மரப்பாதை போட்டார்கள். நல்ல காரியம், கிண்டலுக்குச் சொல்லவில்லை. இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் அதில் ஒரு பகுதியைப் பெயர்த்தது. எங்கள் தெருவுக்குப் புயல் தேவைப்படவில்லை.

சட்டம் இல்லாமலா? 2016-ல் வந்தது. விதிகள் வந்த ஐந்து வருஷத்துக்குள் பழைய பொதுக்கட்டடங்கள் எல்லாவற்றிலும் வெள்ளைக் கோலோடு வருகிறவரும் சக்கர நாற்காலியில் வருகிறவரும் நுழைய வழி செய் என்றது. விதிகள் 2017 ஜூனில் வந்தன. கெடு 2022-லேயே செத்துப்போனது. எழவு விழுந்த வீட்டில் ஒருத்தரும் அழக் காணோம். பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி 2005-ல் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் சொன்னது: சட்டம் ‘செய்தே ஆக வேண்டும்’ என்கிறது, உங்கள் விதியோ ‘செய்தால் நல்லது’ என்கிறது, அது செல்லாது. இதைச் சொல்ல வைக்கப் பத்தொன்பது வருஷம். அதற்குள் நாம் சும்மா இருந்தோமா? ஊனமுற்றோர் என்றால் மனம் புண்படுமே என்று மாற்றுத்திறனாளி என்று பெயர் மாற்றினோம். பெயருக்கு டெண்டர் விட வேண்டாம் பாருங்கள்.

எங்கள் தெருவில் வெள்ளைக் கோலோடு தினமும் பஸ் பிடிக்கப் போகிறவர் ஒருவர் இருக்கிறார். புது நடைபாதையில் கால் வைப்பதே இல்லை. லாரிகளோடு சாலையில்தான் நடக்கிறார். ஏன் என்று கேட்டேன்.

“லாரியாவது ஹாரன் அடிக்கும் சார். டிரான்ஸ்ஃபார்மர் அடிக்குமா?”